ஒட்டும் கட்டும்

ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியவை. நடுவில் வேர்ச்சொல் ஒன்று இருக்கும். அதன் முன்னால் ஒட்டுவது முன்னொட்டு. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் ப்ரீஃபிக்ஸ். பின்னால் ஒட்டுவது பின்னொட்டு, அதாவது சஃபிக்ஸ். ஹேப்பிக்கு முன்னால் 'அன்' வந்தால் அன்ஹேப்பி, பின்னால் 'நெஸ்' வந்தால் ஹேப்பினெஸ், இரண்டும் வந்தால் அன்ஹேப்பினெஸ். ப்ரீஃபிக்ஸ் என்ற சொல்லே 'ப்ரீ' என்ற முன்னொட்டைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது. முன்னொட்டு பொதுவாகப் பொருளை மாற்றும், சொல்லின் இனத்தை மாற்றாது. ஹேப்பியும் அன்ஹேப்பியும் பெயரடைகளே. இனத்தை மாற்றுவது பின்னொட்டின் வேலை. விலக்கும் உண்டு: லார்ஜ் பெயரடை, முன்னால் 'என்' சேர்ந்து என்லார்ஜ் ஆனதும் வினை.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். 1990களின் தொடக்கத்தில் பழவேற்காடு ஏரியோரத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு அந்தப் பக்கம் மறந்திருக்காது. கரும்பலகையில் இரண்டு பத்தி. இடப்பக்கம் அன், இன், டிஸ், மிஸ், ரீ. வலப்பக்கம் நெஸ், ஃபுல், லெஸ், ஏபிள், மென்ட். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பத்துப் பிள்ளைகள் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். எந்தத் துண்டு எந்தச் சொல்லில் ஒட்டும், ஏன் ஒட்டும் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

தேர்வில் எதிர்ச்சொல் கேட்டார்கள். 'பிக்' என்பதற்கு ஒரு பையன் 'அன்பிக்' என்று எழுதினான். விடைத்தாள் கொடுத்த அன்று வகுப்பே சிரித்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அவன் செய்தது மடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. சொல்லிக்கொடுத்த விதியை நேராகப் பயன்படுத்தினான். அந்த விதிக்கு ஒரு வேலி உண்டு என்பதுதான் அவனுக்குச் சொல்லப்படவில்லை.

அந்த வேலி இது. பிக்–ஸ்மால், டால்–ஷார்ட் என்று இரு பக்கமும் ஏற்கெனவே தனிச்சொல் உட்கார்ந்திருக்கும் எளிய அளவுச் சொற்களிடம் 'அன்' போவதில்லை. போகும் இடத்திலும் அதற்கு ஒரு குணம் உண்டு. பெரும்பாலும் நல்லதன் முன்னால்தான் ஒட்டும். அன்கைண்ட் உண்டு, அன்க்ரூயல் கிடையாது. அன்வைஸ் உண்டு, அன்ஃபூலிஷ் கிடையாது. அன்ஹெல்தி உண்டு, அன்சிக் கிடையாது. நல்லதைக் கெடுக்கத் தெரியும், கெட்டதைத் திருத்தத் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். அன்செல்ஃபிஷ் மாதிரி சில சொற்கள் இதற்கு அடங்காமல் நிற்கின்றன. மொழி என்றால் அப்படிச் சில இருக்கத்தான் செய்யும்.

இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் 'அன்' ஒன்றில்லை, இரண்டு. அன்ஹேப்பியில் இருப்பது 'இல்லை' என்னும் அன். அன்லோடில் இருப்பது 'செய்ததைத் திரும்ப எடு' என்னும் அன். பழைய ஆங்கிலத்தில் இவை வேறு வேறு துண்டுகளாக இருந்து, பிறகு ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தவை. முதலாவது பெயரடையோடு சேரும். இரண்டாவது வினையோடு சேரும்: டை–அன்டை, கவர்–அன்கவர், லாக்–அன்லாக். இரண்டும் ஒரே சொல்லில் மோதினால் குழப்பம் வரும். அன்லாக்கபிள் என்றால் 'பூட்டவே முடியாதது' என்றும் கொள்ளலாம், 'பூட்டைத் திறக்கக் கூடியது' என்றும் கொள்ளலாம். முதலில் லாக்கோடு ஏபிளைக் கட்டிவிட்டு அன்னை வைத்தால் ஒரு பொருள். முதலில் அன்னைக் கட்டிவிட்டுப் பிறகு ஏபிளை வைத்தால் வேறு பொருள். துண்டுகள் மூன்றும் அதே துண்டுகள்தான். எந்த முடிச்சு முதலில் விழுந்தது என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

வகுப்பில் புரியாத இந்த இரண்டாவது அன், மீன் இறங்கும் கரையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அங்கே லோடு என்பது தமிழ்ச் சொல் மாதிரிதான். ஐஸ் போட்ட கூடைகள் வண்டியில் ஏறினால் லோடு, போய்ச் சேர்ந்த இடத்தில் இறங்கினால் அன்லோடு, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் ஓவர்லோடு, ஏற்றி இறக்குகிறவர் லோடுமேன். பிறகு செல்பேசி வந்து டவுன்லோடையும் ரீலோடையும் அதே குடும்பத்தில் சேர்த்தது. ஒரு வேர், நாலைந்து ஒட்டு. பள்ளிப் பையைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "மாமா, அன்லோடு எப்போ?" என்று கேட்ட பிள்ளைகள், மறுநாள் வகுப்பில் அன்னுக்கு உதாரணம் கேட்டால் விழித்தார்கள். கரையில் பேசுவது ஆங்கிலம் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

தமிழ்ப் பிள்ளைக்கு இந்த அன் சட்டென்று பிடிபடாததற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. செய்ததைத் திரும்ப எடுக்கத் தமிழ் ஒட்டு வைப்பதில்லை, புதுச் சொல்லே வைத்திருக்கிறது. கட்டு என்றால் எதிரில் அவிழ். ஏற்று என்றால் இறக்கு. மூடு என்றால் திற. ஆங்கிலக்காரன் டை என்று ஒரு வினையைக் கற்றுக்கொண்டு அன்டையை இலவசமாகப் பெறுகிறான். தமிழன் இரண்டையும் தனித்தனியாகக் கற்கிறான். இல்லை என்று சொல்வதையும் தமிழ் சொல்லுக்கு முன்னால் வைப்பதில்லை. கட்டாத, கட்டாமல், கட்டமாட்டான் என்று உடம்பிலோ வாலிலோ வைக்கிறது.

ஆக, சொந்த முன்னொட்டு என்று தமிழில் சொல்லிக்கொள்ளப் பெரிதாக இல்லை. அவன் இவன் எவன் என்று சுட்டும் வினாவுமாக முன்னால் நிற்கும் அ, இ, எ எழுத்துகளைச் சொல்லலாம். மற்றவை வடமொழியிலிருந்து வந்தவை. மீன் ஏலத்தில் விலை இறங்கும்போது கூடைக்காரம்மா வாயில் வருகிற "இன்னாய்யா இது அநியாயம்" என்பதில் அப்படி ஒன்று இருக்கிறது. நியாயத்துக்கு முன்னால் அ. சுத்தம், அசுத்தம். உயிரெழுத்துக்கு முன்னால் அது அன் ஆகும்: ஏகம், அநேகம். வடமொழியின் இந்த அ, அன்னும் ஆங்கிலத்தின் 'இல்லை' என்னும் அன்னும் இலத்தீனின் இன்னும் கிரேக்கத்தின் அ, அன்னும் ஒரே மூல மொழியிலிருந்து பிரிந்த உடன்பிறப்புகள். ஆட்டம் என்னும் அணுவின் ஆங்கிலப் பெயரிலும் முதலில் நிற்பது கிரேக்க அ. வெட்ட முடியாதது என்று பொருள். கூடைக்காரம்மாவும் பேரனின் ஆங்கிலப் புத்தகமும் ஒரே ஒட்டைத்தான் பயன்படுத்தினார்கள்.

பின்னொட்டில் நிலைமை தலைகீழ். தமிழ் முழுக்கப் பின்னொட்டு மொழி. வலைக்காரர்களிடமிருந்து என்ற ஒரே சொல்லில் வலை, காரர், கள், இடம், இருந்து என்று ஐந்து துண்டுகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தொங்குகின்றன. அதைப் பிரிக்கவும் தமிழ் இலக்கணம் கற்றுக்கொடுத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் ஒரு பகுபதத்தில் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்புகள் வரலாம் என்கிறது. கட்டினான் என்றால் கட்டு பகுதி, இன் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் விகுதி. அந்த எட்டாம் வகுப்பில் இதைத் தமிழ் ஐயா இரண்டாம் பிரியடில் நடத்தினார். மூன்றாம் பிரியடில் ஆங்கில ஆசிரியர் வந்து ஹேப்பினெஸ்ஸைப் பிரித்தார். நடுவில் மணி அடித்தது. இரண்டும் ஒரே வேலை என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. ஹேப்பியின் கடைசி ஒய் எழுத்து, நெஸ் வந்ததும் ஐ எழுத்தாக மாறுவதை நன்னூல் கணக்கில் விகாரம் என்று சொல்லியிருந்தால் போதும்; ஸ்பெல்லிங் தப்பு பாதி குறைந்திருக்கும்.

பொருத்திப் பார்த்தால் நிறையப் பொருந்தும். லெஸ் என்பது அற்ற: ஹோம்லெஸ், வீடற்ற. நெஸ் என்பது மை: பிளாக்னெஸ், கருமை. ஹுட் ஏறக்குறையப் பருவம்: சைல்டுஹுட், பிள்ளைப்பருவம். எர் என்பது காரர். ஃபிஷ் என்ற வினையோடு எர் சேர்ந்தால் ஃபிஷர், மீன் பிடிக்கிறவர். அதோடு விட்டிருக்கலாம். ஆங்கிலம் அதன் மேல் மேன் என்று இன்னோர் ஆளை ஏற்றி ஃபிஷர்மேன் ஆக்கியது. பிடிக்கிறவரே ஏற்கெனவே உள்ளே இருக்க, வெளியே இன்னொருவர். கேட்டு வாசல், நடு சென்டர் என்று நாம் சொல்வதைக் கேலி செய்கிறவர்கள் இதையும் கவனிக்கலாம். இப்போது பெண்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று மீன்வளம் பற்றி எழுதுகிறவர்கள் பழைய ஃபிஷருக்கே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். ஏரிக்கரையில் இந்தத் தொல்லை எழவே இல்லை. அங்கே மீன்காரர் உண்டு, மீன்காரம்மா உண்டு. காரவும் அம்மாவும் சேர்ந்த இடத்தில் ஒட்டுத் தெரியவில்லை.

ஒட்டுகிற இடத்தில் ஓசை மாறுவதும் இரு மொழிக்கும் பொது. இலத்தீனிலிருந்து வந்த இன், பாசிபிளுக்கு முன்னால் இம் ஆகிறது. லீகலுக்கு முன்னால் இல், ரெகுலருக்கு முன்னால் இர். இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர். மூன்று ஒட்டு என்று தனித்தனியாக மனப்பாடம் செய்த பிள்ளைகள் அதே நேரத்தில் தங்கள் ஊர்ப்பெயரைத் தப்பில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். பழவேற்காட்டைப் பொதுவாகப் பழ, வேல் (வேல மரம்), காடு என்று பிரிப்பார்கள். வேல் என்பதன் ல், காட்டின் க பக்கத்தில் வந்ததும் ற் ஆகிவிட்டது. திருவேற்காட்டிலும் அதேதான். நாக்கு ஒரு ஓசையிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியைச் சுருக்கிக்கொள்கிறது. ரோமிலும் பொன்னேரியிலும் நாக்கு ஒன்றுதான். ஆங்கிலத்தின் சொந்த அன் மட்டும் இப்படி வளைவதில்லை. அன்ப்ளெசன்ட் எழுத்தில் அம்ப்ளெசன்ட் ஆவது கிடையாது. முன்னொட்டு வளைந்திருந்தால் வெளியூர், வளையாமல் நின்றால் உள்ளூர் என்று ஓரளவுக்கு அடையாளம் சொல்லிவிடலாம்.

வெளியூர்ச் சரக்கு ஆங்கிலத்தில் அதிகம். அன், நெஸ், ஃபுல், லெஸ், ஹுட், டம் முதலியவை பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. 1066இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக ரீ, மென்ட், ஏபிள், ஷன் வந்தன. ஆன்ட்டி, லஜி, ஐஸ் கிரேக்கம். வந்த ஒட்டுகள் வந்த சொற்களோடு மட்டும் நிற்காமல் உள்ளூர்ச் சொல்லிலும் ஏறிக்கொண்டன: ஈட்டபிள், டிரிங்கபிள். ஏரிக்கரையில் இதற்கு நேரெதிர் நடக்கிறது. ஆங்கில வேரில் தமிழ் விகுதி ஏறுகிறது: போட்டுக்காரர், ஐஸ்காரர், டென்ஷனாக. வேர் யாருடையதாக இருந்தாலும் வால் தமிழுடையது.

இலத்தீன் வால் ஒன்று பழவேற்காட்டுக்கே கப்பலேறி வந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே 1613இல் கட்டிய கோட்டைக்குப் பெயர் ஜெல்ட்ரியா. கோட்டையைக் கட்டிய வெம்மர் வான் பெர்ஹெமின் சொந்த மாகாணம் நெதர்லாந்தின் கெல்டர்லாந்து. லாந்து என்ற டச்சு வால் போய், இயா என்ற இலத்தீன் வால் வந்தது. இந்தியா, ஆஸ்திரேலியா, வர்ஜீனியாவில் தொங்குவதும் அந்த இயாதான். 1690இல் டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இருந்த இடம் இன்று புதர் மண்டிய இடிபாடு. கோட்டை என்ற சொல் கோட்டைக்குப்பத்தில் நிற்கிறது.

இடிபாடு என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இடிபடு என்பது வினை. அதில் ஒட்டு எதுவும் சேராமல் நடு உயிர் நீண்டு பெயராகிவிட்டது. படு–பாடு, கெடு–கேடு, சுடு–சூடு. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் இதற்கு நீளமான பெயர். ஆங்கிலத்திலும் இது உண்டு: சிங்–சாங், ஃபீட்–ஃபுட், ப்ளீட்–ப்ளட். முன்னாலும் பின்னாலும் எதையும் ஒட்டாமல் வயிற்றுக்குள்ளேயே மாற்றிக்கொள்கிற சொற்கள். ஒட்டுப் பட்டியலில் இவற்றுக்கு இடம் இல்லாததால் பாடத்திலும் இடம் இல்லை.

கோட்டைக்குப்பத்தில் பாடு வெறும் இலக்கண உதாரணம் இல்லை, வயிற்றுப்பாடு. ஏரியில் இறாலுக்குச் சுத்துவலை கட்டும் இடங்களுக்கு இங்கே பாடு என்று பெயர். எந்த நாளில் எந்தப் பாட்டில் யார் வலை கட்டலாம் என்று முறைவைத்துச் சுழற்றும் ஏற்பாட்டுக்கும் அதுவே பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் என்ற மூன்று ஊர்களும் அந்த முறையை வைத்திருக்கின்றன. தலைக்கட்டாகச் சேர்ந்தவருக்குத்தான் முறை வரும். தலைக்கட்டு என்பதும் தலையும் கட்டும் சேர்ந்த கூட்டுச்சொல். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாள்காட்டியில் விடுமுறை எங்கே என்பதைவிட வீட்டுக்குப் பாடு எந்த நாள் என்பது நன்றாகத் தெரியும். பாடு அன்று ராத்திரி வீட்டில் ஆண்கள் இருக்கமாட்டார்கள். காலையில் ஆயா கூடையோடு கரைக்குப் போய்விடுவாள். "இன்னிக்கு பாடு, பள்ளிக்கோடம் போயிட்டு நேரா கரைக்கு வந்துரு" என்றால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இந்தப் பாடு தமிழில் எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டது. ஏற்பாடு, கட்டுப்பாடு, வழிபாடு, மீன்பாடு எல்லாம் பழைய சரக்கு. செயல்பாடு, நிலைப்பாடு, கோட்பாடு என்று செய்தித்தாளிலும் மேடையிலும் கேட்கும்போது அது படு என்ற வினையிலிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவு வருவதில்லை. தனிச்சொல்லாக இருந்தது மெதுவாக ஒட்டாகிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தின் ஃபுல், டம் ஆகியவையும் இப்படித்தான். நிறைந்த என்ற தனிச்சொல் தேய்ந்து ஃபுல் என்ற வால் ஆனது. தீர்ப்பு, ஆட்சி என்ற தனிச்சொல் தேய்ந்து ஃப்ரீடம், கிங்டம் என்பவற்றின் வால் ஆனது.

இரண்டு முழுச்சொல்லை அப்படியே சேர்ப்பது வேறு வகை. அது கூட்டுச்சொல். கோட்டையும் குப்பமும் சேர்ந்தால் கோட்டைக்குப்பம். நடுவில் ஒரு க் மட்டும் கூடுதல். ஆங்கிலத்தில் லைட்டும் ஹவுஸும் சேர்ந்தால் லைட்ஹவுஸ், கலங்கரை விளக்கம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டில் அப்படி ஒரு விளக்கம் நிற்கிறது. அதையொட்டிய மீனவர் ஊருக்குப் பெயர் லைட் ஹவுஸ் குப்பம். வாயில் வரும்போது லைட்டவுஸ்குப்பம். இரண்டு மொழி, மூன்று சொல், ஒரே மூச்சு. படகின் பின்னால் மாட்டும் எந்திரம் அவுட்போர்டு. வெளியே என்பது அவுட், படகின் பக்கப்பலகை போர்டு. இறால் எக்ஸ்போர்ட்டுக்குப் போகிறது. எக்ஸ் என்றால் வெளியே, போர்ட் என்றால் இலத்தீனில் சுமத்தல். உள்ளே சுமந்தால் இம்போர்ட், அங்கிருந்து இங்கு சுமந்தால் டிரான்ஸ்போர்ட், ரயிலடியில் சுமக்கிறவர் போர்ட்டர். எக்ஸ்போர்ட் கம்பெனி வண்டியைத் தினம் பார்த்த பிள்ளைகளுக்கு அந்த வண்டியின் பக்கத்தில் எழுதியிருந்த ஒரே சொல்லை வைத்து அரைப் பாடம் நடத்தியிருக்கலாம்.

இனி கட்டுமரம். முழுப் பாடமும் அதற்குள் இருக்கிறது.

கட்டுமரத்தை ஏரியில் அதிகம் பார்க்க முடியாது. அது கடலுக்கானது. லைட்டவுஸ்குப்பத்துப் பக்கம் கடற்கரைக்குப் போன பிள்ளைகள் அங்கே பார்த்த காட்சி இது. அலையைத் தாண்டிக் கரையேறியதும் மீனை எடுத்துவிட்டு முதல் வேலையாகக் கயிற்றை அவிழ்ப்பார்கள். "டேய், அந்தப் பக்கம் கட்டை அவுரு" என்று மாமா சொல்ல, ஈரக் கயிற்று முடிச்சில் பையனின் விரல் வழுக்கும். அவிழ்ந்ததும் அது கலம் இல்லை. மணலில் கிடக்கும் நாலைந்து மரம். தண்ணீரில் ஊறிய மரம் கனக்கும், அதனால் பிரித்துப் போட்டு வெயிலில் உலரவிடுவார்கள். மறுநாள் விடியுமுன் அதே மரங்களை அதே வரிசையில் வைத்து இறுக்கினால் திரும்பவும் கலம். ஆணி கிடையாது. ஒரு சொல்லைப் பகுதியும் விகுதியுமாகப் பிரித்துத் திரும்பச் சேர்ப்பதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் இதைவிட நல்ல இடம் இல்லை.

கட்டிய மரம் கட்டுமரம். இந்தச் சொல்லை ஐரோப்பியர் சோழமண்டலக் கரையில் கேட்டுக் கேட்டமரான் என்று எழுதிக்கொண்டார்கள். கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சொல் வந்துவிட்டது. ஆங்கிலத்துக்குள் போனதும் பாடு பட்டது. 1804இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ஆங்கிலேயர் அனுப்பிய வெடிமருந்துப் பெட்டிகளுக்குக் கேட்டமரான் என்று பெயர் வைத்தார்கள். பிறகு சண்டைக்காரப் பெண்ணையும் கேட்டமரான் என்று ஏசினார்கள். முதலில் கேட், அதாவது பூனை, இருப்பது காதில் விழுந்திருக்க வேண்டும். 1876இல் அமெரிக்காவின் நத்தானியல் ஹெரெஷாஃப் அமரில்லிஸ் என்ற பாய்ப்படகைச் செய்தார். இரண்டு ஒடுங்கிய உடல்களை இடைவெளி விட்டுச் சேர்த்த படகு. அந்த வகைக்குக் கேட்டமரான் என்ற பெயர் நிலைத்தது. இன்று ஆங்கிலத்தில் கேட்டமரான் என்றால் இரட்டை உடல் கலம். நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் எப்போதும் இருந்ததில்லை.

மூன்று உடல் வைத்துப் படகு கட்டியபோது அதற்கும் பெயர் வேண்டியிருந்தது. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் செச்செட் 1940களில் டிரைமரான் என்ற சொல்லை உண்டாக்கினார். மூன்று என்னும் டிரை முன்னொட்டு, பின்னால் கேட்டமரானிலிருந்து வெட்டி எடுத்த மரான். பிறகு ஐந்து உடலுக்குப் பென்டமரான் வந்தது. பாய்ப்படகுக்காரர்கள் எதிர்ப்பக்கத்துத் துண்டை எடுத்துக்கொண்டு கேட் என்று சுருக்கினார்கள். ஹோபி கேட் என்ற படகு உலகமெங்கும் விற்றது.

ஆங்கிலக் காதுக்குக் கேட்டா என்பது கேட்டலாக், கேட்டஸ்ட்ரஃபியில் நிற்கும் கிரேக்க முன்னொட்டு மாதிரி ஒலித்திருக்கலாம். அதைக் கழற்றிவிட்டு டிரையை மாட்டினார்கள். தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, வெட்டு விழுந்த இடம் சரியான இடம்: கட்டு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம். மாமா அவிழ்த்த அதே முடிச்சு. டிரைமரானைத் தமிழில் திருப்பினால் மூன்றுமரம். மூன்று மரத்தில் கட்டிய கட்டுமரம் இந்தக் கரையில் சாதாரணமாக இருந்தது. ஆங்கில மரான் இப்போது மரம் என்று பொருள்படுவதில்லை, 'இத்தனை உடல் கொண்ட கலம்' என்று பொருள்படுகிறது. தமிழ்ப் பெயர்ச்சொல் ஒன்று ஆங்கிலத்தில் பின்னொட்டாக வேலை செய்கிறது. இந்த மரியாதை வேறு தமிழ்ச் சொல்லுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை.

ஒரு சொல்லை உடைத்து ஒரு துண்டைப் புது ஒட்டாக விடுவிப்பது ஆங்கிலத்துக்குப் பழக்கமான வித்தை. ஹாம்பர்க் என்ற ஊரோடு எர் சேர்ந்தது ஹாம்பர்கர். அதைத் தப்பாக உடைத்துப் பர்கரை உருவி எடுத்து, சீஸ்பர்கர், சிக்கன்பர்கர் என்று ஒட்டினார்கள். ஆல்கஹாலோடு இக் சேர்ந்தது ஆல்கஹாலிக். அதிலிருந்து ஹாலிக்கை மட்டும் பிய்த்து வேலைப் பித்தருக்கு வொர்க்கஹாலிக் என்று பெயர் வைத்தார்கள். ஹெலிகாப்டரில் உண்மையான முடிச்சு ஹெலிகோவுக்கும் ப்டெருக்கும் நடுவில். முதலாவது சுருள், இரண்டாவது சிறகு. ஆங்கிலம் அதைக் கண்டுகொள்ளாமல் ஹெலியை உடைத்து ஹெலிபேடு ஆக்கியது. இப்படி விடுதலையான துண்டுகளுக்கு மொழியியலாளர் ஆர்னால்ட் ஸ்விக்கி 2010இல் லிப்ஃபிக்ஸ் என்று பெயர் சூட்டினார். அதுவும் இரண்டு துண்டை ஒட்டிச் செய்த பெயர்தான். இவற்றோடு வைத்துப் பார்த்தால் மரான் ஒன்றுதான் முடிச்சில் வெட்டுப்பட்டது. மற்றவை மரத்தின் நடுவிலேயே கோடாலி வைத்தவை.

இந்தக் கரையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன மற்ற சொற்களும் அங்கே போய் ஆங்கில ஒட்டுகளைப் போட்டுக்கொண்டன. கறி போய்க் கரி ஆகி, இறந்தகால வால் ஒட்டிக் கரிட் ஆனது. மிளகுத்தண்ணீரில் முடிச்சே தெரியாமல் போய் முல்லிகடானி என்று ஒரே கட்டியாகிவிட்டது. பழவேற்காடு டச்சுக்காரர் வாயில் பாலியாகட்டாவாகவும் ஆங்கிலேயர் வாயில் புலிகாட்டாகவும் உருண்டு, இங்கே நெய்து ஏற்றுமதியான கட்டம்போட்ட கைக்குட்டைக்குப் பெயராகிப் புல்லிகேட் என்று அகராதியில் ஏறியது. ஸ்காட்லாந்து நெசவாளர்களும் பிறகு அதைப் போலி செய்து, அதே பெயரில் விற்றார்கள். வேல மரமும் காடும் அந்தக் கைக்குட்டையில் எங்கே இருந்தன என்று நெய்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

இவை ஒன்றும் அந்த எட்டாம் வகுப்பில் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டும் என்று பாடத்திட்டத்தில் இல்லை. ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்பிக் எழுதிய பையன் அடுத்த தேர்வில் அன்ஹேப்பி, அன்கைண்ட், அன்டை மூன்றையும் சரியாக எழுதினான். மனப்பாடம்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் கரை நெடுக வந்து இறங்கின. கட்டுமரம் அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது. அதன் பிறகு வேகமாகக் குறைந்தது. ஃபைபர் படகு ஒரே வார்ப்பு. அவிழ்க்க அதில் முடிச்சு கிடையாது. அவுட்போர்டை மட்டும் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். நல்ல ஆங்கில அகராதி எதையும் எடுத்துக் கேட்டமரான் என்ற சொல்லைத் தேடிப் பார்க்கலாம். பிறந்த மொழி தமிழ் என்று அதன் பக்கத்திலேயே போட்டிருக்கும்.